காம்பு கிள்ளிய கப்பல்

அன்று காலை எனக்கு வந்த பக்கத்தின் முதன்மைத் தலைப்பு: "மலைச்சாலையில் மண்சரிவு." எழுத்தின் அளவு சரி, சொற்கள் சரி. எந்த ஊர் என்பது மட்டும் இல்லை.

ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களைத் திருத்துவது என் வேலை. சில ஆண்டுகளாக மதுரை அலுவலகத்துக்குப் போவதில்லை. போடிநாயக்கனூரில் அண்ணன் வீட்டு மாடியறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். பக்கங்களை வடிவமைக்கும் தாமஸைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, எந்த மலைச்சாலை? ஊர் பேரைப் போடாம விட்டிருக்கீங்களே."

"போட்டிருக்கேனே அக்கா. போடிமெட்டு மலைச்சாலையில் மண்சரிவு."

"இல்லையே."

"உங்க ஊர் பக்கத்து ரோடு உங்களுக்கே தெரியலயா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். மறுபடி பார்த்தேன். தலைப்பு 'மலைச்சாலையில்' என்றுதான் தொடங்கியது. அதற்கு முன்னால் வெற்றிடம்கூட இல்லை. ஒரு சொல் நின்றிருக்கக்கூடிய இடமே அங்கே இல்லை.

சண்டை போட வேண்டாம் என்று எழுந்து கீழே போனேன். கதவு நிலையில் தோள் மோதியது. படியிறங்கும்போது சுவர் வந்து மோதியது. அடுப்படியில் நின்ற மதினி என் முகத்தைப் பார்த்து, "என்னத்தா, வாய் ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள். எனக்கு வலி எதுவும் இல்லை. சொல்லப்போனால் வீடு அன்றைக்கு அமைதியாகவும் இலேசாகவும் இருந்தது.

அண்ணன் பாண்டி, எஸ்டேட் ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். வாசலில் லோடு ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு என்னை ஏற்றினார். தேனி வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. அந்த வேகம்தான் என் கையையும் காலையும் பெருமளவு மீட்டுக் கொடுத்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் தட்டுத் தடுமாறினால், படுத்து எழுந்தால் சரியாகும் என்று இருக்காதீர்கள்.

எனக்கு வந்தது ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி செயலிழப்பது). வலது மூளையில் அடைப்பு. வலது மூளை உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அதன் பிறகான நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து ஆட்களைப் பார்ப்பதுபோல, வெளிச்சத்தோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தன.

அந்த நாட்களில் ஒன்றில் என் வயிற்றின் மேல் ஒரு கை கிடந்தது. கனமான கை. விரல் நகங்களில் பழைய மருதாணி. செவிலியரைக் கூப்பிட்டு, "யாரோ கையை மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க, எடுத்துக் கொடுத்துருங்கம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வலது கையைப் பிடித்து, அந்தக் கையின் மணிக்கட்டிலிருந்து தோள் வரை மெல்ல நகர்த்திக் கொண்டுவந்து என் கழுத்தில் நிறுத்தினார். "எங்கயாவது வெட்டு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. கை என்னிடம்தான் வந்து முடிந்தது. தர்க்கப்படி அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

நரம்பியல் மருத்துவர் இளம்பெண். வெற்றுத் தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு எண்களை எழுதினேன். பன்னிரண்டும் வட்டத்தின் வலது பாதியிலேயே ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. எனக்கு அதில் பிழை தெரியவில்லை. பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"உங்களுக்கு இருக்கறது நெக்லெக்ட்" என்றார். (கண் நன்றாகப் பார்க்கும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து வருவதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது.) "கண்ணுல கோளாறு இல்ல. மூளைதான் இடது பக்கத்தை ஒதுக்கி வச்சிருக்கு."

"திரும்ப வருமா?"

"நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது வரும். எவ்வளவுன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும்."

"நான் பேப்பர்ல பக்கம் பாக்கறவ, டாக்டர்."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "ஆமா. வரியெல்லாம் இடதுலருந்துதான ஆரம்பிக்குது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் மற்ற நோயாளிகளின் வீட்டார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, இடது பக்கம் இருட்டாகத் தெரிந்ததா என்பது. இல்லை. உங்கள் பிடரிக்குப் பின்னால் இருப்பது இப்போது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? அங்கே ஒன்றுமே தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. அப்படித்தான் இருந்தது. என் மாடியறை ஜன்னலின் இடது பாதி முழுக்க மலை. வலது பாதியில் தகரக்கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும். வீடு திரும்பிய பிறகு பல வாரங்கள், ஜன்னலில் தொட்டிகளைப் பார்த்தபடி கிடந்தேன். மலை எங்கே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாரல் மட்டும் எங்கிருந்தோ வந்து முகத்தில் விழுந்தது.

மதினி ஈஸ்வரி ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். காய்ந்து வந்த ஏலக்காயின் காம்பைக் கிள்ளி, பெருவெட்டு, நடுத்தரம், பொடி என்று அளவு வாரியாகத் தட்டில் ஒதுக்குவது. பிறந்தது மலையில் ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் என்பதால் பேச்சில் ஒன்றிரண்டு மலையாளச் சொற்கள் ஒட்டியிருக்கும். நான் தட்டில் இடது பாதிச் சோற்றைத் தொடாமல், 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்பேன். மதினி தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பாள். புதுச் சோறு வந்து நிற்கும்.

தேனியில் பயிற்சி கொடுத்த பெண், புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்ப வேண்டும், பிறகே படிக்க வேண்டும். "ரெண்டு கையும் சேர்ந்து செய்யற ஏதாவது ஒரு வேலைய ஆரம்பிங்க" என்றும் சொன்னார். "உங்களுக்குப் பிடிச்சதா இருக்கணும். சாமான் எல்லாம் இடது பக்கம் இருக்கணும்."

எனக்குப் பிடித்தது பக்கம் பார்ப்பது. அதை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அழைத்து, "உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க, இடம் இருக்கும்" என்றார். அந்த வாக்கியத்தில் தேதி இல்லை என்பதைக் கவனித்தேன்.

பயிற்சிப் பெண் சொன்னதைத் தாமஸிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அவன் ஓய்வு நேரத்தில் பிளாஸ்டிக் மாதிரிகள் செய்கிறவன். பெட்டியின் மேல் மூன்று பாய்மரங்களோடு ஒரு பழங்காலக் கப்பல், பச்சைக் கடலில் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. கப்பலின் முன்பாதியைத்தான் பார்த்தேன் என்பது பிறகு தெரிந்தது. உள்ளே, சன்னமான பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பாகங்கள் கிளைகளில் ஒட்டியபடி இருந்தன. கூடவே ஒரு சிறு வெட்டுக்கத்தரி, பசைக் குப்பி, படங்களால் ஆன செய்முறைத் தாள். களைப்பாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று மூடி வைத்தேன். மருந்து மதிய நேரத்தில் என்னைத் தூக்கத்துக்குள் தள்ளிவிடும்.

எழுந்தபோது மதினி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூன்று எவர்சில்வர் தட்டுகள். முகத்தில் ஒரு சோலியை முடித்துவிட்ட நிம்மதி.

"எல்லாம் பிரிச்சு வச்சிட்டேன் தாயி. பெருசு இதுல, நடுத்தரம் இதுல, பொடி இதுல. ஒத்தக் கையால நீ என்னைக்குப் பறிச்சு முடிக்க?"

"இதெல்லாம் மாட்டியிருந்த சட்டம் எங்க மதினி?"

"காய் பறிச்ச சரத்த வச்சு என்ன செய்ய? நாளைக் காலையில வர்ற குப்பை வண்டிக்குப் போட வாசல்ல வச்சேன். மத்தியானமே வந்து அள்ளிட்டுப் போயிட்டான்." பிறகு பெருமையாகச் சேர்த்தாள்: "சிலதுல காம்பு நின்னுச்சு. அதையும் கிள்ளி வழுவழுன்னு ஆக்கிட்டேன்."

தாமஸை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பார்ட் நம்பர் எல்லாம் அந்தச் சட்டத்துலதான் அச்சடிச்சிருக்கும். தேவைப்படும்போது ஒண்ணொண்ணா வெட்டி எடுக்கணும். அதான் மொத பாடமே. நான் சொல்லாம விட்டுட்டேன்."

"காம்பு?"

"அது காம்பு இல்லக்கா. ஒரு பாதி இன்னொரு பாதியில போய் உக்கார்ற முளை. அது இருந்தாத்தான் ஆடாம நிக்கும்." பிறகு அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூணு தரமா பிரிச்சாங்களா? ஏலத்துக்கு விட்டுருவோமாக்கா?"

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இருந்த பேச்சு மதினிக்கும் கேட்டது. அவள் தட்டுகளைப் பார்த்தாள். "நம்பர் இருந்துச்சு. நான் பாத்தேன். வெலைன்னு நெனச்சேன்" என்றாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், வலது பாதியை மட்டும்.

அன்று மாலை எனக்கு வந்த சோர்வை நோயின் எந்தக் கட்டத்திலும் நான் அறிந்ததில்லை. எண்ணில்லாத, பெயரில்லாத துண்டுகள் மூன்று தட்டு. எதை எதோடு சேர்ப்பது? பெட்டியை அலமாரி மேல் வைத்துவிடச் சொன்னேன்.

மதினி வைக்கவில்லை. "சாரமில்ல" என்றாள், 'பரவாயில்லை' என்பதற்கு மலையில் சொல்வது. "காயைப் பாத்து எந்த மூட்டைன்னு நாங்க சொல்றதில்லயா? படம்தான் இருக்கே. எழுந்திரு." மறுநாள் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். வலது பக்கம் சுவர். தட்டுகளுக்கு இருந்த ஒரே இடம் இடது பக்கம்.

"தட்டு எங்க மதினி?"

"ஒன் கையடியிலதான் இருக்கு."

"இல்லையே."

"இல்லன்னா தேடு. நான் ஸ்டோருக்குப் போறேன்."

கப்பல் ஒரு விசித்திரமான பொருள். அதில் ஏறக்குறைய எல்லாமே இரண்டிரண்டு. வலது ஓரத்துக்கு ஒரு நூலேணி என்றால், இடது ஓரத்துக்குக் கண்ணாடியில் திரும்பியதுபோல் இன்னொன்று. நங்கூரம் இரண்டு. பின்கட்டு ஜன்னல்கள் இரண்டு, ஒன்று இந்தப் பக்கம் வளையும், மற்றது அந்தப் பக்கம். எண் இருந்திருந்தால் தாளைப் பார்த்து நேராக எடுத்திருப்பேன். எண் இல்லாததால், கையில் இருக்கும் ஒன்றுக்கு ஜோடி எங்கோ இருந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை மட்டும்தான் வழி. அந்த ஜோடி, நான் இருப்பதாகவே உணராத ஒரு திசையில், ஒரு தட்டில் கிடந்தது.

கழுத்தைத் திருப்புவேன். தட்டின் விளிம்பு, கரையில் நுரை வந்து தொடுவதுபோல, ஒரு கணம் வந்து போகும். இன்னும் திருப்புவேன். எவர்சில்வரில் ஜன்னல் வெளிச்சம். அதற்குள் என்ன தேடினேன் என்பது மறந்திருக்கும். மறுபடி கையில் இருப்பதைப் பார்ப்பேன். இப்படியே ஒரு காலைப்பொழுது போகும். வெகுநேரம் ஆகிவிட்டதா, இப்போதுதான் உட்கார்ந்தேனா என்று தெரியாது. அது சலிப்பாக இருக்கவில்லை. நான் தூங்கவும் இல்லை, முழுக்க விழித்திருக்கவும் இல்லை.

கப்பலின் உடல் இரண்டு நீளப் பாதிகள். அவற்றை ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் சில பாகங்களைப் பொருத்தவேண்டும்: பீரங்கி வாய்களுக்கு மூடிகள், தளத்தைத் தாங்கும் பட்டைகள். ஒருநாள் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக நினைத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "நல்லாருக்கு ஆத்தா. ஆனா இது என்ன, பாதிக் கப்பலா?"

"முழுசா முடிச்சாச்சேண்ணே."

"எங்க முடிச்ச? தண்ணி உள்ள வந்துரும்லா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்தினார். என் தோளுக்குப் பின்னால் வந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, ஜீப்பின் கண்ணாடியைத் திருப்புவது போல் மெல்ல இடப்பக்கம் திருப்பினார். மேசையில் இன்னொரு பாதி கிடந்தது. வெறும் கூடு. அதில் நான் ஒன்றுமே பொருத்தியிருக்கவில்லை.

நான் அழுதேன். நோய் வந்த பிறகு முதல்முறை. இல்லாததாக இருந்தபோது அதற்காக அழ எதுவும் இருக்கவில்லை. விட்டுப்போனதை ஒருவர் காட்டி, நானும் பார்த்த பிறகுதான் இழப்பு வந்தது. பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது, "அப்ப நல்லது நடக்குது" என்றார். விட்டுப்போகிறது என்று தெரிவதே மீட்சியின் தொடக்கமாம். ஆகவே, உங்கள் வீட்டு நோயாளி பல வாரம் கவலையில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று உடைந்தால், நிலைமை மோசமாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது பாதியைப் பொருத்த அதிக காலம் ஆனது. அந்த நாட்களில் சிறுசிறு பொருட்கள் திரும்ப வரத் தொடங்கின. கட்டிலின் இடது கால். மதினி எதிரே நின்றால் என் இடப்பக்கம் வரும் அவள் மூக்குத்தி. ஒரு மாலை ஜன்னலில், தண்ணீர்த் தொட்டிகளுக்கு அருகே, ஏதோ நீலமாக ஏறி நின்றது. கழுத்தைத் திருப்பினேன். அதற்கு முடிவே இல்லை. மேலே மேலே போனது. போடிமெட்டுப் பக்கமிருந்து மஞ்சு மூடுபனியாக இறங்கிக்கொண்டிருந்தது. மலை அதற்குள் அசைந்து விலகுவது போலவும் நான் கரையில் நிற்பது போலவும் இருந்தது. சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் போய்விடும் என்று ஒரு பயம்.

மறுபரிசோதனையில் மருத்துவர் ஒரு தாளில் சிதறிய கோடுகளைக் கொடுத்து எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். பெரும்பாலானவற்றை அடித்தேன். இடது ஓரத்தில் சில தப்பின. "இதுக்கு மேல எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "வரலாம். வந்தாலும், பக்கத்துல யாராவது பேசினா, அவசரப்பட்டா, மறுபடி விட்டுப்போகும்" என்றார். மாவட்டப் பக்கம் பார்க்கும்போது தொலைபேசியில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவசரமில்லாத நாள் அந்த வேலையில் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆசிரியரை நானே அழைத்தேன். மாவட்டப் பக்கத்துக்கு நான் திரும்ப முடியாது என்று சொன்னேன். ஞாயிறு இணைப்பில் கட்டுரைப் பக்கம் ஒன்று இருந்தது. அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும். அதை வேண்டுமானால் பாருங்கள் என்றார். தாமஸ் முதல் பக்கத்தை அனுப்பியபோது இடது ஓரம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். "அச்சுக்கு முன்னால மறக்காம எடுத்துருடா" என்றேன். "நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா, எடுக்கறேன்" என்றான்.

சாலையைத் தனியாகக் கடக்க நான் இன்னும் பழகவில்லை. இடது கை வேலை செய்கிறது, ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான். கண்ணை எடுத்தால் பிடித்திருப்பதை விட்டுவிடும். டம்ளர்கள் பல போயின. மதினி எல்லாவற்றையும் எவர்சில்வராக மாற்றிவிட்டாள்.

கப்பலின் இரு பாதிகளையும் ஒட்டும் நாள் வந்தபோது எனக்கிருந்த தயக்கம் அதனால்தான். இந்தப் பசை மற்றப் பசைகள் போன்றதல்ல. பிளாஸ்டிக்கின் விளிம்பைச் சற்று உருக்கும். உருகிய இரு விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து இறுகும். முளைகள் இருந்திருந்தால் பாதிகள் தாமே பூட்டிக்கொண்டு நின்றிருக்கும். மதினி கிள்ளி எறிந்துவிட்டாள். டேப் ஒட்டிப் பார்த்தால் ஒரு பாதி மற்றதைவிட மயிரிழை சரிகிறது. "ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு உக்காருங்கக்கா, வேற வழியில்ல" என்றான் தாமஸ்.

விளிம்புகளில் பசை தடவினேன். வலது பாதியை வலது கையிலும், இடது பாதியை இடது கையிலும் எடுத்துச் சேர்த்தேன். கண்ணை இடது கையிலேயே வைத்திருந்தேன். ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் காவல் காத்தேன்.

மதினி ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். "என்ன இது, வீடே நகப்பூச்சு நாத்தம் அடிக்குது" என்றாள்.

"அதெல்லாம் கப்பல் வாசம்."

"ஆமா, நீ போன கப்பலு." கட்டிலில் உட்கார்ந்து ஸ்டோரில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். புதிதாக வந்த மேஸ்திரி ஒருவன், பேச்சுக் கூடாது, காய் மட்டும்தான் பிரிக்க வேண்டும் என்று சொன்னானாம். "வாயத் தச்சிட்டா கை ஓடுமான்னு கேட்டேன். ஓடும்ங்கிறான். சரின்னு எல்லாரும் பேசாம இருந்தோம். கையவும் நிறுத்திட்டோம். பொழுது சாயறதுக்குள்ள அவனே வந்து, ஆத்தா, பேசுங்க ஆத்தாங்கிறான்." சிரித்தேன். அவனைப் பற்றி மேலும் கேட்டேன். அவன் கேரளத்துக்காரனா, சின்னமனூர்க்காரனா என்று இருவரும் வாதாடினோம். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம். அண்ணன் யாரிடமோ, "காலையில வெரசா வந்துருங்க" என்று சொல்வது கேட்டது.

"ஏத்தா" என்றாள் மதினி, "அதப் பிடிச்சுக்கிட்டே இருக்கியே, கை வலிக்கலயா?"

குனிந்து பார்த்தேன். பசை எப்போதோ இறுகியிருந்தது. இரு பாதிகளுக்கும் நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். வலது கை அடியில் இருந்தது. கப்பலைப் பிடித்திருந்தது இடது கை. கட்டைவிரலில் விளிம்பின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நான் பார்க்காமலே எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் என்னிடம் இல்லை. முழுவதும் அந்தக் கையிடம் இருந்திருக்கிறது.